பாக்கெட்டில் வந்த ஃபியூஸ் கட்டை

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைத் துவைக்க எடுத்த பேபி, அதன் பாக்கெட்டுக்குள் கைவிட்டு ஒரு ஃபியூஸ் கட்டையை எடுத்தாள். வெள்ளைப் பீங்கான், உள்ளங்கையில் அடங்கும் அளவு, இரண்டு முனையிலும் பித்தளை நாக்கு. அதைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு, பல் துலக்கிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

"இது யார் வூட்டுதுங்க?"

யேசுதாசனுக்குத் தெரியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சேலையூரில் பாதி வீடுகளில் இதே கட்டைதான். கம்பி சுற்றியிருந்த விதத்தைப் பார்த்தால் அவனே சுற்றியதுபோல இருந்தது. ஆனால் கேம்ப் ரோட்டின் இரண்டு பக்கமும் அவன் கம்பி சுற்றாத வீடு குறைவு. நேற்று எங்கெல்லாம் போனோம் என்று யோசித்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஃபேன். அப்புறம் ஒரு காலிங் பெல். அதற்கு நடுவிலோ பிறகோ யாரோ ஒரு மோட்டாரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ரேடியோவில் வந்த சோப்பு விளம்பரத்தின் பின்னால் போய்விட்டது. திரும்பி வந்தபோது கட்டை கையில் இருந்தது. எந்த வீடு என்பது இல்லை.

எலக்ட்ரீஷியனின் பாக்கெட்டில் ஃபியூஸ் கட்டை இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் ஒயரைத் தொட்டு வேலை செய்வதற்கு முன்னால் கரண்ட்டை நிறுத்த வேண்டும். மெயின் சுவிட்சை இறக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அது எல்லோர் கைக்கும் எட்டுகிற ஒரு பிடி. ஃபேன் ஓடவில்லையே என்று வீட்டில் யாராவது வந்து, நல்ல எண்ணத்தோடுதான், அதை மேலே தள்ளிவிடுவார்கள். ஆகவே மீட்டர் போர்டில் இருக்கும் ஃபியூஸ் கட்டையையே உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது வழக்கம். தெருக் கம்பத்திலிருந்து வரும் கரண்ட் அந்தக் கட்டையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் நுழைய முடியும். அது பாக்கெட்டில் இருக்கும்வரை வீட்டுக்குள் யார் எந்த சுவிட்சைத் தட்டினாலும் ஒன்றும் வராது.

இரண்டு பேராக வேலை செய்யும்போது ஒருவர் ஏணியில் ஏறுவார். மேஸ்திரி கீழே இருந்துகொண்டு கட்டையைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். "கட்டை என்கிட்ட" என்று உரக்கச் சொல்வார். அந்தச் சொல்லை நம்பித்தான் மேலே இருப்பவர் வெறுங்கையால் செம்புக் கம்பியைப் பிடிப்பார். யேசுதாசனுக்குத் தெரிந்து தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் வரை எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை.

"டேய் தொர, இங்க வந்து பாரு" என்று பேபி பக்கத்துப் போர்ஷனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவள் தம்பி அப்பாதுரை வந்தான். இடது கையில் டீ டம்ளர். வலது கை எப்போதும்போல வயிற்றோடு ஒட்டியிருந்தது. அதில் மூன்று விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, எதையோ பிடித்துக்கொண்டு விட மறுப்பதுபோல இருந்தன.

யேசுதாசன் கையில் இருந்ததை அவன் பார்த்தான்.

"இன்னா மாமா, இந்த வாரமும் ஒண்ணு பெத்துகினு வந்துட்டியா?"

"எந்த வூடுன்னு தெரியல மச்சான்."

"இதுல யோசிக்க இன்னா கீது? வண்டிய எடு. ஒரு ரவுண்டு போவோம். எந்த வூட்டுல உன்னைத் திட்ற சத்தம் கேக்குதோ, அதான் வூடு."

பேபி சிரிக்கவில்லை. "வெளையாடாதடா. சீக்காளி யாராச்சும் கீற வூடா இருந்தா?"

"அதான் சொல்றேன், எடுன்னு."

டி.வி.எஸ். மொபெட்டில் போனார்கள். அப்பாதுரை பின்னால் உட்கார்ந்து இடது கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டான். பத்து வருஷம் இப்படித்தான் போய்வந்தார்கள்; அப்போது அவன் தோளில் ஏணி இருக்கும். கடைகளில் நின்றவர்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பினார்கள். போன வருஷம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மாடி வீடு. மாடிப்படிக்கு மேலே, கூரையை ஒட்டிய ஜங்ஷன் பாக்ஸில் பழைய ஒயரை மாற்ற வேண்டும். அப்பாதுரை ஏணியில் ஏறினான். "கட்டை என்கிட்ட" என்றான் யேசுதாசன். கீழே ஹாலில் வீட்டுக்காரர், ஸ்டெபிலைசர் எப்படி வேலை செய்கிறது என்று அவனைக் கேட்டார். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் யேசுதாசனுக்கு உலகத்தில் வேறு எதுவும் இருக்காது. சொல்லிக்கொண்டே இருந்தான். சமையலறையிலிருந்து அந்த வீட்டு அம்மாள், "ஒரு நிமிஷம் கரண்ட் குடுங்களேன், சட்னி மட்டும் அரைச்சுக்கறேன்" என்றாள். அவன் பேச்சை நிறுத்தாமலே மீட்டர் போர்டுக்கு நடந்து கட்டையைச் சொருகினான். மிக்ஸி ஓடியது.

மாடியில் சத்தம் எதுவும் இல்லை. வீட்டுக் கரண்ட் ஒருவரைப் பிடித்தால் கத்த விடாது. திசை மாறி மாறி ஓடும் அந்தக் கரண்ட் தசைகளை இறுக்கிவிடும். விரல்களை விரிக்கிற தசைகளைவிட மடக்குகிற தசைகளுக்குப் பலம் அதிகம். அதனால் கை தானாக மூடிக்கொண்டு, எதை விட வேண்டுமோ அதையே இறுகப் பிடிக்கும். அப்பாதுரையின் கை அப்படித்தான் மூடியது. உடம்பின் கனம் அவனை ஏணியிலிருந்து கீழே இழுத்துப் போட்டபோதுதான் ஒயர் விட்டது. உயிர் பிழைத்துவிட்டான். வெந்துபோன விரல்களின் நரம்புகள் சுருங்கி, கை பிறகு திறக்கவில்லை.

மச்சான் மேலே இருந்தது ஞாபகம் இல்லையா என்று எல்லோரும் யேசுதாசனைக் கேட்டார்கள். இல்லை என்பதுதான் உண்மை. அதைப் பலர் நம்பவில்லை. நம்பியவர்கள் அவனைப் பற்றி இன்னும் மோசமாக நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் கீழே நிற்க யாரும் ஏணியில் ஏறுவதில்லை. ஃபேன், பெல், சுவிட்ச் என்று தனியாள் வேலைகள் மட்டும் வந்தன. மாடம்பாக்கத்தில் ஏகநாதன் என்பவர் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். வயரிங் முழுவதும் யேசுதாசன்தான் செய்ய வேண்டும் என்றார். அவன் இன்னொரு எலக்ட்ரீஷியனான ஜெயவேலுவை உதவிக்குக் கூப்பிட்டான். கேம்ப் ரோடு டீக்கடையில் நின்றுகொண்டு ஜெயவேலு மரியாதையாகத்தான் சொன்னான்: "அண்ணா, உன் வேல சுத்தம், இல்லேங்கல. ஆனா எனக்கு ரெண்டு கையும் வேணும்."

கட்டை எந்த வீட்டுடையது என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் தெரிந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒருவர் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். டாக்டர் ஸ்ரீநிவாசராகவன். மேற்குத் தாம்பரத்தில் கிளினிக் வைத்திருக்கும் மனநல மருத்துவர்; சில வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

"வாங்க யேசுதாசன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து தெருவுல எங்க வீட்டுக்கு மட்டும் பவர் கட்."

"சொன்னேன்ல, திட்டு சத்தம் கேக்கும்னு" என்று அப்பாதுரை முணுமுணுத்தான். உள்ளேயிருந்து டாக்டரின் மனைவி உண்மையாகவே திட்டிக்கொண்டிருந்தார்.

யேசுதாசன் ஓடிப்போய்க் கட்டையைச் சொருகிவிட்டு வந்து, மன்னிப்புக் கேட்டு நின்றான். டாக்டருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "பெல்லை ரிப்பேர் பண்ணீங்க. அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"பக்கத்து வூட்டுக்காரர் மோட்டார் சத்தம் போடுதுன்னு கூப்ட்டார் சார். போனேன்."

"திரும்பி வந்து கட்டையைப் போடணும்னு தோணலையா?"

"ஒரு வேலையிலேர்ந்து இன்னொண்ணுக்குத் திரும்பினா முதல்ல இருந்தது இல்லாமலே போயிடுது சார். மறந்துட்டோமேன்னு கூடத் தெரியாது. யாராச்சும் சொன்னாத்தான்."

"சின்ன வயசுலேர்ந்தே இப்படியா?"

அப்பாதுரை முந்திக்கொண்டான். "கல்யாணத்தன்னிக்கு மோதிரத்த வூட்டுல வெச்சிட்டு சர்ச்சுல வந்து நின்னார் சார். ஜெபம் பண்ற பாதிரி ஐயர் தன்னோடத கழட்டிக் குடுத்தாரு. அத இன்னி வரைக்கும் திருப்பிக் குடுக்கல."

டாக்டர் சிரித்தார். பிறகு அவர் கண் அப்பாதுரையின் வலது கைக்குப் போனது. "அது எப்படி?"

"அதுவும் கட்டைதான் சார்" என்றான் அப்பாதுரை.

அடுத்த வாரங்களில் யேசுதாசன் கிளினிக்குக்குச் சில தடவை போனான். ஒரு தடவை பேபியும் போனாள். பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தான், சாவியை எங்கே வைப்பான், வரிசையில் நிற்க முடியுமா, பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க முடியுமா என்று டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் எடுக்கச் சொன்னார். கடைசியில் ஒரு பெயர் சொன்னார்: ஏ.டி.ஹெச்.டி.

"இது சின்னப் பசங்களுக்குத்தான் வரும், வளர்ந்தா போயிடும்னு நினைச்சிருந்தோம். பெரியவங்ககிட்டயும் இருக்குன்னு இப்பதான் வெளிநாட்டுல நிறைய எழுத ஆரம்பிச்சிருக்காங்க. கவனக்குறைவுன்னு பேர். பேரே சரியில்லை. உங்ககிட்ட கவனம் நிறைய இருக்கு. எதைப் பிடிச்சு வைக்கணும், எதை விடணும்னு சொல்ற இடத்துல பலம் போதலை. அதுக்கு ஒரு மாத்திரை இருக்கு. ஊக்க மருந்து வகை."

"ஓடிகினே கீறவனுக்கு இன்னும் ஓட மருந்தா சார்?" என்றான் யேசுதாசன்.

"எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க" என்று டாக்டர் விளக்க ஆரம்பித்தார். பாதி கேட்டபோதே யேசுதாசனுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் ஞாபகம் வந்தது. அதற்குள் ஒரு காந்தச் சுருள் உண்டு. கரண்ட் வந்ததும் அது ஒரு இரும்புத் துண்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் ஓடும். சாயங்காலம் ஆனால் சேலையூரில் வோல்டேஜ் இறங்கிவிடும். அப்போது காந்தத்துக்குப் பலம் போதாமல் அந்தத் துண்டை இழுக்கும், விடும், இழுக்கும், விடும். கடகடவென்று ஒரே சத்தம். பார்ப்பவர்களுக்கு அது மிக வேகமாக வேலை செய்வதுபோலத் தோன்றும். உண்மையில் அது எதையும் பிடிக்கவே இல்லை. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் டப்பென்று ஒட்டிக்கொண்டு அமைதியாகிவிடும். அமைதியாவதற்கு அதிகக் கரண்ட் வேண்டியிருக்கிறது.

அதை டாக்டரிடம் சொன்னான். "முழுக்கச் சரியில்லை. ஆனா ரொம்ப தூரமும் இல்லை" என்றார் அவர். பிறகு மற்றதையும் சொன்னார். பசி குறையும். தூக்கம் கெடலாம். நெஞ்சு படபடக்கலாம். எல்லாக் கடையிலும் கிடைக்காது. குணமாக்காது, போட்ட சில மணி நேரம் தாங்கும், பிறகு இறங்கிவிடும். "போடறதும் போடாததும் உங்க முடிவு."

பேபிக்குப் பயம். "மூளை டாக்டருகிட்ட மாத்திர வாங்கறோம்னு சர்ச்சுல தெரிஞ்சா இன்னா பேசுவாங்க? கீழ்ப்பாக்கம் கேசும்பாங்க." அதைச் சொல்லிவிட்டு, அரிசி களைவதை நிறுத்தி, வேறு குரலில் கேட்டாள்: "அப்போ இத்தினி வருஷம் நான் உங்களைத் திட்டினதெல்லாம்?"

அப்பாதுரை வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான்.

"நோயா? நோய்னா நான் யாரைத் திட்றது மாமா?"

"என்னையே திட்டு."

"சொல்றது ஈசி. சரி, ஒண்ணு கேக்கறேன். இதப் போட்டு உனக்கு நல்லா ஆயிடுச்சுன்னு வெச்சிக்க. அப்போ என் கை ஒரு மாத்திரைல தப்பிச்சிருக்கும். அத நெனச்சிகினு நான் படுக்கணும். போட்டும் ஒண்ணும் ஆவலன்னா, நீ சாவற வரைக்கும் இப்டியேதான், எவனும் உன்கூட வரமாட்டான். இதுல உனக்கு எது வேணும்?"

யேசுதாசன் மாத்திரை அட்டையைப் பீரோவின் மேல் வைத்துவிட்டான். ஜெபம் செய்யும்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை. மாத்திரை வேலை செய்யக் கூடாது என்று கேட்டான். கேட்டுவிட்டு வெட்கப்பட்டான்.

கடைசியில் அவனைப் போட வைத்தது மாடம்பாக்கத்து வீடு. ஏகநாதன், "ஆளை வெச்சு முடிப்பியா, வேற மேஸ்திரியப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். ஜெயவேலு மறுபடியும் மாட்டேன் என்றான். மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டதும் யேசுதாசன் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். புதுவீட்டின் வயரிங்குக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. தவறு செய்தாலும் யாருக்கும் ஆபத்து இல்லை.

மெயின் போர்டில் எல்லா அறைகளின் ஒயர்களும் வந்து குவிந்திருந்தன. சாதாரணமாக அவன் இரண்டு ஒயரை முடிப்பான், பிளேயரைத் தேடுவான், தேடப்போன இடத்தில் வேறொன்றைத் தொடங்குவான். அன்று முதல் ஒயரை எடுத்தான், தோலைச் சீவினான், திருகினான், அடுத்ததை எடுத்தான். வெளியே ஜல்லி லாரி வந்தது. வந்தது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அதன் பின்னால் போக வேண்டியிருக்கவில்லை. உச்சி வெயிலுக்கு முன்பே போர்டு முடிந்துவிட்டது. பிளேயர் பையில் இருந்தது. டெஸ்டர் பாக்கெட்டில் இருந்தது. பிறருக்கெல்லாம் உலகம் தினமும் இப்படித்தான் இருக்கிறதா என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

பிறகு அந்த நினைப்பு வந்தது. அது தினமும் வருவதுதான். ஏணி, ஸ்டெபிலைசர், சட்னி என்று வரும்; சட்னிக்கு அப்பால் போகாமல் கலைந்துவிடும். ஒரு காக்கையோ ஒரு ஹாரனோ அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஒரு வருஷமாக அவன் பிழைத்ததே அதனால்தான். அன்று காக்கை கத்தியது. நினைப்பு போகவில்லை.

மணல் குவியலின் மேல் உட்கார்ந்தான். சோற்றுத் தூக்கைத் திறக்கவில்லை, பசி இல்லை. வேறு வழியில்லாமல், ஒரு பழுதைத் தேடுவதுபோல அந்த நாளைத் தேட ஆரம்பித்தான். பழுது தேடுவதற்கு ஒரு முறை உண்டு. கரண்ட் கிளம்பும் இடத்திலிருந்து சேரும் இடம்வரை ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டு, இது இங்கே நின்றிருக்குமா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

வீட்டுக்காரர் ஸ்டெபிலைசர் பற்றிக் கேட்காமல் இருந்திருந்தால்? வேறு எதையாவது கேட்டிருப்பார். அந்த அம்மாள் பொறுத்திருந்தால்? கட்டை யாருக்காக வெளியே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மேலே ஆள் இருப்பது அவனுக்கு ஞாபகம் இருந்திருந்தால்? அதற்குத்தான் மாத்திரை. ஆனால் மாத்திரை சில மணி நேரம்தான் தாங்கும். தூக்கம் கெட்டவனுக்கும், வீட்டில் சாவு விழுந்தவனுக்கும், குடித்தவனுக்கும் எந்த நோயும் இல்லாமலே ஞாபகம் தவறும். ஞாபகத்தை நம்பிய எந்த இணைப்பும் ஒருநாள் விடும். ஞாபகமே தேவைப்படாத ஓர் இடம் அந்த வழியில் இருந்ததா என்று தேடினான்.

இருந்தது. அந்த அம்மாள் கரண்ட் கேட்கிறாள். அவன் பேசிக்கொண்டே பாக்கெட்டில் கை விடுகிறான். பாக்கெட் காலியாக இருக்கிறது. கட்டை அப்பாதுரையின் பாக்கெட்டில், அப்பாதுரையோடு, ஏணியின் மேல் இருக்கிறது. கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

அவ்வளவுதான். அதற்கு டாக்டர் வேண்டாம், மாத்திரை வேண்டாம், அவன் வேறொரு மனிதனாகப் பிறந்திருக்க வேண்டாம். ஒரு பீங்கான் துண்டு ஒரு சட்டையிலிருந்து இன்னொரு சட்டைக்கு மாறியிருக்க வேண்டும்.

வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தான். மாத்திரையின் பலம் இறங்க இறங்க நினைப்பு தளர்ந்தது. தெருவில் போன ஐஸ் வண்டியின் மணி அவனை இழுத்தது. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததே என்று தன்மேல் அவனுக்கு அருவருப்பு வந்தது.

சாயங்காலம் அப்பாதுரையிடம் சொன்னான்.

"திருப்பிச் சொல்லு" என்றான் அப்பாதுரை.

திருப்பிச் சொன்னான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மச்சான்."

அப்பாதுரை தன் கையைப் பார்த்தான். "பத்து வருஷம் நான்தான் மேல ஏறிகினு இருந்தேன். கீழ இருந்தவன் மேஸ்திரி, கட்டை அவன்கிட்டதான்னு... எனக்கும் ஒரு நாளும் தோணலயே." சிரிக்கப்போவதுபோல வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. "மாமா, நீ நோயாளியாவே இருந்துட்டுப் போயிருக்கலாம். விதின்னு நெனச்சிகினு இருந்திருப்பேன்."

அவன் எழுந்து தன் போர்ஷனுக்குள் போனான். அதற்கப்புறம் பல நாள் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. பேபி சோற்றைத் தட்டில் போட்டு எடுத்துப்போனாள். சில நாள் அது அப்படியே திரும்பி வந்தது.

யேசுதாசன் டாக்டரிடம் போனான். "சார், இனிமே நான் மாத்திரை போடாட்டியும் யாருக்கும் ஒண்ணும் ஆவாது. அதுக்கு வேற வழி கீது. அப்போ நான் எதுக்குப் போடணும்?"

"மத்தவங்களுக்காக வேண்டாம்னு ஆயிடுச்சு. உங்களுக்கு?"

"போட்டா வேல நடக்குது சார். ஆனா அதே நெனப்பு நிக்குது. போடாட்டி ஓடிப்போயிடுது."

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து முன்னால் வைத்தார். "அளவைக் குறைச்சுப் பார்க்கலாம். அந்த நினைப்பைப் பத்தி வாரம் ஒருநாள் வந்து பேசலாம். அது இல்லாம பண்ண என்கிட்ட மருந்து இல்லை யேசுதாசன்."

அன்றிலிருந்து சில நாள் அவன் போடவில்லை. அட்டை பீரோவின் மேல் இருந்தது. மனசு பழையபடி காக்கைக்கும் ஹாரனுக்கும் பின்னால் ஓடியது. சட்னிக்கு அப்பால் எதுவும் வரவில்லை. சுகமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனபோது அப்பாதுரையைப் பார்த்தான். குழாயடியில் உட்கார்ந்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வலது கையை முக்கி, இடது கையால் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் தினமும் செய்யச் சொல்லியிருந்தார்கள். விரல் கொஞ்சம் நிமிரும்; விட்டதும் மடங்கிக்கொள்ளும். வலியில் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் காக்கை கத்தியது, பால்காரர் மணி அடித்தார். அப்பாதுரை எதற்கும் தலை நிமிரவில்லை. தன் கையை விட்டு ஓடிப்போக அவனுக்கு ஒரு வழியும் இல்லை.

யேசுதாசன் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனான். மாத்திரையைப் போட்டுக்கொண்டான். தினமும் போடுவது என்று முடிவு செய்தான். அதனால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை ஒன்றும் அவனுக்கு இல்லை. பேபி வாசலில் நின்று பார்த்தாள். தண்ணீர் டம்ளரை அவளே வாங்கிக் கழுவி வைத்தாள். சர்ச்சில் என்ன பேசுவார்கள் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

மாடம்பாக்கத்து வீட்டுக்குக் கரண்ட் வந்த பிறகு, மாடிக் கூரையில் ஒரு லைனை மாற்ற வேண்டியிருந்தது. யேசுதாசன் மறுபடியும் ஜெயவேலுவிடம் போனான். இந்தத் தடவை, எப்படிச் செய்யப்போகிறோம் என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். ஜெயவேலு சந்தேகத்தோடு வந்தான். அப்பாதுரையும் வந்தான், யாரும் கூப்பிடவில்லை. யாரிடமும் பேசாமல் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

மீட்டர் போர்டுக்கு முன்னால் யேசுதாசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நீயே எடு" என்றான்.

"இன்னாண்ணா இது, மேஸ்திரி நீ கீறப்போ நான் எடுக்கறதா?"

"ஏறப்போறவன் நீ. எடுத்து உன் பாக்கெட்டுல போட்டுக்க."

ஜெயவேலு கட்டையை உருவிப் பாக்கெட்டில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டு, படியேறி மாடியில் ஏணியின் மேல் போனான். கொஞ்ச நேரத்தில் கதவு வேலை செய்துகொண்டிருந்த தச்சர் டிரில்லோடு வந்தார். "மேஸ்திரி, ஒரே ஒரு ஓட்டை. ஒரு நிமிஷம் கரண்ட் வுடேன்."

அன்று யேசுதாசன் மாத்திரை போட்டிருந்தான். மேலே ஆள் இருப்பது நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் அவன் கை, பழக்கத்தில், சட்டைப் பாக்கெட்டுக்குத்தான் போனது. உள்ளே டெஸ்டர் மட்டும் இருந்தது.

"என்கிட்ட இல்ல. மேல கேளு" என்றான்.

தச்சர் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "கையில ஒயர் கீதுப்பா, இரு, எறங்கித் தர்றேன்" என்று மேலேயிருந்து ஜெயவேலுவின் குரல் வந்தது. தச்சர் அலுத்துக்கொண்டு காத்திருந்தார். வேறொன்றும் நடக்கவில்லை.

அப்பாதுரை படியிலிருந்து எழுந்தான். யேசுதாசனைத் தாண்டி, அவன் முகத்தைப் பார்க்காமல், வலது கையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு வெளியே நடந்தான். யேசுதாசன் அவன் பின்னால் போகவில்லை. ஜெயவேலு இறங்கும்வரை மீட்டர் போர்டுக்குப் பக்கத்திலேயே நின்றான்.

அதற்குப் பிறகு அவன் மேஸ்திரியாக நின்ற எல்லா வீட்டிலும் வேலை இப்படித்தான் நடந்தது: ஏணியில் ஏறப்போகிறவரே மீட்டர் போர்டிலிருந்து கட்டையை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். வேலை முடிந்து இறங்கிய பிறகு அவரேதான் அதைத் திரும்பச் சொருக வேண்டும். கீழே நிற்பவரிடம் கட்டை இருக்கக் கூடாது.